செக்ரோலில் இல்லாத நாய்கள்

“பெரியப்பா, அதோட காதைக் கொஞ்சம் மடக்கிப் பாருங்க” என்றாள் என் தம்பி மகள். 2023 ஜூலையில் மெல்பர்னின் டாண்டினோங் பகுதியில் அவள் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். ஹீட்டருக்கு முன்னால் நான்கு கால்களையும் நீட்டிப் படுத்திருந்த முன்பு பந்தயத்தில் ஓடிய அந்தக் கருப்பு கிரேஹவுண்ட் நாயின் காது வெற்றிலை போல மெல்லியதாக இருந்தது. மடக்கிப் பார்த்தபோது உட்புறத்தில் பச்சை மையில் சில எழுத்துகள் குத்தப்பட்டிருந்தன. 31 ஆண்டுகள் மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவனாக, இருந்தவனுக்கு, ஓர் உயிரின் மேல் எழுத்தோ எண்ணோ கண்ணில் பட்டால் அடுத்த கேள்வி தானாக வந்துவிடும். இதற்கான புத்தகம் எங்கே இருக்கிறது, அதை யார் எழுதுகிறார்?

புத்தகம் இருந்தது. விக்டோரியா மாநிலத்தில் நாய்ப் பந்தயத்தை நடத்தும் கிரேஹவுண்ட் ரேசிங் விக்டோரியா என்னும் அமைப்பு, ஃபாஸ்ட்டிராக் என்ற பெயரில் இணையத்தில் ஒரு பதிவேட்டை வைத்திருக்கிறது. நாயின் பந்தயப் பெயரைத் தட்டினால் அதன் தாய், தந்தை, பிறந்த தேதி, ஓடிய ஒவ்வொரு பந்தயத்தின் தேதி, ஓடுகளம், எந்தப் பெட்டியிலிருந்து புறப்பட்டது, என்ன எடை, எத்தனை நொடி, எத்தனையாவது இடம் என்பதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பிய பிறகும் இரவு நேரங்களில் அந்தப் பக்கத்தைத் திறந்து படித்துக்கொண்டிருந்தேன். நாவல் படிப்பதற்குப் பதிலாக நாயின் கணக்கைப் படிக்கிறீர்களா என்று வீட்டில் கேலி செய்தார்கள். ஒரு பதிவேட்டை ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தவனுக்கு அதிலும் கதை இருக்கிறது என்பதை அவர்களுக்கு எப்படி விளக்குவது?

முதலில் என் கண்ணில் பட்டது எடை. ஒரு பந்தயத்தில் 31.2 கிலோ, அடுத்த வாரம் 31.5, அதற்கடுத்து 31.1 என்று வாரக்கணக்கில் ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. அது தற்செயல் அல்ல, விதி. முந்தைய பந்தயத்தில் பதிவான எடையிலிருந்து ஒரு கிலோவுக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ அந்த நாயை அன்றைக்கு ஓட விடமாட்டார்கள். காரணம் எளிது. இன்றைக்கு வயிறு நிறையத் தீனியும் தண்ணீரும் கொடுத்து நாயை மந்தமாக ஓடவிட்டு, பந்தயக்காரர்கள் அதைக் கழித்துக்கட்டிய பிறகு, அடுத்த வாரம் பட்டினி போட்டு ஓடவிட்டுப் பெரிய தொகையை அள்ளிக்கொண்டு போகும் தந்திரம் இந்தத் தொழில் அளவுக்கே பழையது. தராசு அதற்கு வைத்த பூட்டு.

இதைப் படித்தபோது எங்கள் தோட்டத்து ரப்பர்ப் பால் கொட்டகைதான் நினைவுக்கு வந்தது. வெட்டுக்காரர்கள் வாளியைக் கொண்டுவந்து வைத்ததும் நிறுத்து எழுதினால் மட்டும் போதாது. பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலேக் என்னும் கருவியை அதில் மிதக்கவிட்டு அதன் தண்டில் எந்தக் கோடு வரை மூழ்குகிறது என்று பார்க்க வேண்டும். தண்ணீர் கலந்த பாலில் அது குறைவாக மூழ்கும். நிறுவைக்காரனை ஏமாற்றலாம், அந்தக் கண்ணாடிக் குழலை ஏமாற்ற முடியாது என்று எங்கள் மேற்பார்வையாளரான தண்டல் சொல்வார். நாய்ப் பந்தயத்தில் அந்தக் குழலின் வேலையைச் செய்வது சிறுநீர்ச் சோதனை. ஓடுவதற்கு முன்போ ஓடி முடித்த பின்போ அதிகாரிகள் குறித்துக் கொடுக்கும் நாயை ஒருவர் நடத்திக்கொண்டு போய், நீண்ட கைப்பிடியுள்ள கரண்டி போன்ற ஒன்றில் சிறுநீரைப் பிடித்து, இரண்டு புட்டிகளாகப் பிரித்து முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். முதல் புட்டியில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால், அதை உறுதிசெய்ய இரண்டாவது புட்டியைத் தனியாகச் சோதிக்கலாம். கோபால்ட் என்னும் உலோகத்துக்கு ஆஸ்திரேலிய விதிகளில் ஒரு மில்லிலிட்டர் சிறுநீருக்கு 100 நானோகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் தீனியிலிருந்து இயல்பாகவே கொஞ்சம் உடலில் இருக்கும். மற்றப் பல மருந்துகளுக்கு அந்தச் சலுகை இல்லை. மனிதர் சாப்பிடும் சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் கூட அகப்பட்டால் குற்றம்தான், நாய் அதைத் தானாகத் தேடித் தின்றதா என்ற கேள்வி பிறகுதான் வரும்.

ஒரு வியாழக்கிழமை இரவு தம்பி மகள் என்னைச் சாண்டவுன் பார்க்கிற்கு அழைத்துப் போனாள். அவளுக்கு அங்கே போவதில் விருப்பமில்லை. பெரியப்பா கேட்டாரே என்பதற்காக வந்தாள். நாய்கள் குறித்த நேரத்துக்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும். மைக்ரோசிப்பைக் கருவியால் படித்து, காது எழுத்தையும் உடல் அடையாளங்களையும் ஒப்பிட்டு, நிறுத்து, கால்நடை மருத்துவர் பார்த்த பிறகு கூட்டில் அடைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு பந்தயத்துக்கு அழைத்து வரும்வரை பயிற்சியாளருக்கும் தன் நாயிடம் தனியாகப் போக அனுமதி இல்லை. எட்டு நாய்களுக்கும் எட்டு நிறத்தில் மேலங்கி மாட்டி வலம்வரச் செய்கிறார்கள்: முதல் பெட்டிக்குச் சிவப்பு, இரண்டுக்குக் கருப்பு வெள்ளைக் கோடு, பிறகு வெள்ளை, நீலம், மஞ்சள், பச்சை, கருப்பு, இளஞ்சிவப்பு. பிரிட்டனில் ஆறு நாய்கள்தான் ஓடும், நிறங்களின் வரிசையும் வேறு. பெட்டிகளின் கதவு மேலே தூக்கிக்கொண்ட கணத்தில் தண்டவாளத்தில் விரையும் பொய்முயலின் சத்தம் கேட்டது. 515 மீட்டர், முப்பது நொடியை ஒட்டி முடிந்துவிட்டது. நான் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் முதல் பந்தயம் போய்விட்டது என்பதே உண்மை. அதன் கணக்கு மட்டும் நொடியின் நூறில் ஒரு பங்கு வரை பதிவாகி நின்றது.

ஸ்டூவர்ட்டுகள் என்று அழைக்கப்படும் அதிகாரிகள் ஒவ்வொரு பந்தயத்துக்கும் எழுதும் அறிக்கையும் பொதுவெளியில் கிடைக்கிறது. எந்த நாய் தாமதமாகப் புறப்பட்டது, எந்த வளைவில் எவை இடித்துக்கொண்டன என்று வரி வரியாக இருக்கும். வேண்டுமென்றே பக்கத்து நாயின் பக்கம் தலையைத் திருப்பி அதன் ஓட்டத்தைக் கெடுத்த நாய்க்கு முதல் முறை 28 நாள் தடை. மறுபடி செய்தால் தடை நீளும், திரும்பி வருவதற்கு முன்னால் அதிகாரிகள் முன்னிலையில் ஒழுங்காக ஓடிக்காட்டவும் வேண்டும். பள்ளிக்கூடத்தில் சண்டை போட்ட பையனைத் தலைமையாசிரியர் நிறுத்திவைப்பது போல இருக்கிறது என்று சிரித்தேன். அடுத்த வரி சிரிக்கும்படி இல்லை. தம்பி மகளின் நாய்க்கு எதிரே, “வலது பின்கால் மூட்டில் காயம், 60 நாள் ஓடக் கூடாது” என்ற பொருளில் ஒரு குறிப்பு இருந்தது. அந்த 60 நாளுக்குப் பின் அதன் பெயர் எந்தப் பந்தயத்திலும் இல்லை.

இவ்வளவு நுணுக்கமான கணக்கு யாருக்காக உருவானது என்பதைக் கேட்டாக வேண்டும். ஓவன் பாட்ரிக் ஸ்மித் என்னும் அமெரிக்கர் 1919இல் கலிபோர்னியாவின் எமரிவில்லில் இயந்திர முயலைக் கொண்டு ஒரு வட்ட ஓடுகளத்தைத் திறந்தார். அது கடல் கடந்து 1926 ஜூலை 24 அன்று மான்செஸ்டரின் பெல் வியூவுக்கு வந்தது. நகரத்துத் தொழிலாளிகளுக்கு வேலை முடிந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், மின்விளக்கு வெளிச்சத்தில், சில்லறைக் காசுக்குப் பந்தயம் கட்டக் கிடைத்த இடம் என்பதால் காட்டுத்தீ போலப் பரவியது. கூட்டம் பெருகியதும் ஆள்மாறாட்டமும் பெருகியது. வேகமான நாயை மந்தமான நாயின் பெயரில் ஓடவிட்டார்கள், சாயம் பூசினார்கள், மருந்து கொடுத்தார்கள். அடையாள அட்டையும் காது எழுத்தும் உரிமம் பெற்ற பயிற்சியாளரும் பூட்டிய கூடும் இந்தத் தொழிலுக்கு ஏன் தேவைப்பட்டன என்பது இங்கே விளங்கும். 1928இல் தொடங்கிய தேசிய கிரேஹவுண்ட் பந்தயக் கழகம் பிரிட்டனில் அவற்றை விதியாக்கியது. பந்தயம் கட்டியவரின் பணம் ஏமாற்றுக்காரனிடம் போகக் கூடாது என்பதே புத்தகத்தின் நோக்கம். நாய் அந்தப் புத்தகத்தில் ஒரு சரக்காகத்தான் இருந்தது; சரக்கு மாறிவிடக் கூடாது என்ற கவலை இருந்ததே தவிர, சரக்கு பிறகு எங்கே போகிறது என்ற கவலை இல்லை.

தோட்டத்து ஆள்வரவுப் பதிவேடான எங்கள் செக்ரோலும் அப்படித்தான். விடியற்காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டு, வந்தவனுக்குக் கோடு போட்டு, வராதவனுக்குச் சுழி போட்டு, மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்துச் சம்பளம் போடுவோம். வேலையிலிருந்து நின்றவனின் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தால் அடுத்த மாதப் புத்தகத்தில் அவன் இல்லை. லயத்து வீட்டைக் காலி செய்து எங்கே போனான், என்ன ஆனான் என்பதற்குப் பத்தி எதுவும் கிடையாது. அந்தச் சிவப்புக் கோட்டை எத்தனையோ முறை என் கையால் இழுத்திருக்கிறேன். அதனால்தான் கிரேஹவுண்டுகளின் பதிவேட்டில் எது எழுதப்படவில்லை என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

2006இல் இங்கிலாந்தின் வடகிழக்கில் சீஹாம் என்னும் ஊரில் ஒருவர் பதினைந்து ஆண்டுகளாக, ஓட முடியாமல் போன கிரேஹவுண்டுகளைக் காசு வாங்கிக்கொண்டு கொன்று தன் நிலத்தில் புதைத்து வந்தது ஒரு பத்திரிகை மூலம் வெளிவந்தது. எண்ணிக்கை பத்தாயிரம் வரை இருக்கலாம் என்றார்கள். அவருக்குக் கடைசியில் கிடைத்த தண்டனை, நாய்களைக் கொன்றதற்காக அல்ல. அனுமதியில்லாமல் கழிவைப் புதைத்ததற்கான அபராதம். அந்த நாய்கள் உயிரோடு இருந்தபோது எடையும் நொடியும் பிசகாமல் எழுதப்பட்டவை; இறந்த பின் சட்டத்தின் கண்ணுக்குக் கழிவு. அந்த அதிர்ச்சியைத் தொடர்ந்த விசாரணைகளின் விளைவாகப் பழைய கழகம் போய், 2009இல் கிரேட் பிரிட்டன் கிரேஹவுண்ட் வாரியம் வந்தது. 2010இல் இங்கிலாந்துக்கான ஒழுங்குவிதிகள், ஒவ்வொரு ஓடுகளத்திலும் கால்நடை மருத்துவர் இருக்க வேண்டும், மைக்ரோசிப் இருக்க வேண்டும், காயங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கின. ஆனால் அவை ஓடுகளத்தின் வாசலோடு நின்றுவிட்டன. நாய் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் பயிற்சியாளரின் கொட்டடியை அவை எட்டவில்லை.

ஆஸ்திரேலியாவின் கதை இன்னும் கொடியது. உயிருள்ள பன்றிக்குட்டியையும் முயலையும் பாசத்தையும் இயந்திரத்தில் கட்டி நாய்களுக்கு வெறியேற்றும் பழக்கத்தை ஏபிசி தொலைக்காட்சி 2015 பிப்ரவரியில் மறைமுகக் கேமராவில் எடுத்துக் காட்டியது. (பாசம் என்பது நம் அன்பு அல்ல, அந்த நாட்டில் மரத்தில் வாழும் சிறு விலங்கு.) நியூ சவுத் வேல்ஸ் அரசு அமைத்த விசாரணை ஆணையத்தின் தலைவரான முன்னாள் நீதிபதி மைக்கேல் மெக்ஹியூ 2016இல் அறிக்கை கொடுத்தார். 12 ஆண்டுகளில் அந்த மாநிலத்தில் பிறந்த 97,783 கிரேஹவுண்டுகளில், 48,891 முதல் 68,448 வரையிலானவை போதிய வேகம் இல்லை என்பதற்காகக் கொல்லப்பட்டிருக்கலாம் என்றது அது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். இருபதாயிரத்துக்கு நெருங்கிய எண்ணிக்கையில் நாய்கள் செத்தனவா பிழைத்தனவா என்று சொல்ல ஒரு புத்தகமும் இல்லை. நொடியை நூறாகப் பிளந்து எழுதிய தொழில் அது. கணக்கர் யாராவது என் மேசையில் அப்படி ஒரு பேரேட்டைக் கொண்டுவந்து வைத்திருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும்.

முதல்வர் மைக் பேர்ட் 2016 ஜூலையில் தடை என்றார். கிராமப்புற எதிர்ப்பில் அக்டோபரிலேயே பின்வாங்கினார். அதற்குப் பதிலாக வந்ததுதான் முக்கியமான மாற்றம் என்று நான் நினைக்கிறேன். அதுவரை பந்தயத்தை வளர்த்து வருமானம் தேடிய அமைப்பே தவறு செய்தவர்களைத் தண்டிக்கும் அமைப்பாகவும் இருந்தது. பாலை நிறுப்பவனும் பாலுக்குக் காசு தருபவனும் ஒருவனாக இருந்தால் தராசு யார் பக்கம் சாயும் என்று தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இரண்டையும் பிரித்தது. 2018 ஜூலை முதல் கிரேஹவுண்ட் நல, நேர்மை ஆணையம் தனியாக இயங்குகிறது. நாய் பிறந்த நாள் முதல் இறக்கும் நாள் வரை யாரிடம் இருக்கிறது என்று பின்தொடரும் பதிவேடு அதன் பொறுப்பு. விக்டோரியாவில் நடத்துவதும் கண்காணிப்பதும் இன்னும் ஒரே அமைப்பிடம்தான். அதற்கு மேலே 2010 முதல் நேர்மை ஆணையரும், 2019 முதல் மேல்முறையீட்டுக்குத் தனித் தீர்ப்பாயமும் இருக்கின்றன. அது போதுமா என்றால், போதாது என்பதே என் எண்ணம்.

பிரிட்டனில் 2020 முதல் ஒவ்வொரு நாயும் பந்தயத்துக்குப் பதிவாகும்போதே ஒரு தொகை, தொடக்கத்தில் 400 பவுண்டு, பிணையாக ஒதுக்கப்படுகிறது. உரிமையாளர் பாதி, வாரியம் பாதி. ஓய்வுக்குப் பின் நாயை ஏற்கும் காப்பகத்துக்கு அந்தத் தொகை போகும். தோட்டத்தில் எங்களுக்கு ஈபிஎஃப் என்னும் சேமநிதி பிடித்தது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

நமக்குப் பக்கத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மக்காவ் நகரின் கேனிட்ரோம் ஓடுகளம் 1931இல் திறக்கப்பட்டு 2018 ஜூலையில் மூடப்பட்டது. அங்கே ஓடிய நாய்களில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலிருந்து போனவை. ஏற்றுமதிக்கு நாய்க்கும் கடவுச்சீட்டு வேண்டும் என்பது ஆஸ்திரேலியப் பந்தய அமைப்புகளின் விதி. நாய்களின் நலத்துக்கு உத்தரவாதமில்லாத மக்காவுக்கு அவர்கள் அதைத் தர மறுத்தார்கள். விதியை மீறியவனுக்கு அந்த அமைப்பு அபராதம் போடலாம்; விமானத்தில் ஏறிவிட்ட நாயைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கடைசி நாளில் 500க்கும் மேற்பட்ட நாய்கள் கூடுகளில் மிஞ்சியிருந்தன, அவற்றுக்கு வீடு தேடும் வேலை தன்னார்வலர்கள் தலையில் விழுந்தது.

நம் நாட்டில் நாய்ப் பந்தய ஓடுகளம் கிடையாது. சட்டப்படி விலங்குகளின் ஓட்டத்தின் மேல் பணம் கட்டலாம் என்றால் அது குதிரைப் பந்தயம் ஒன்றுதான், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் டோட்டலைசேட்டர் முறையில், அதாவது கட்டிய பணத்தை ஒன்றாகச் சேர்த்து வென்றவர்களுக்குப் பிரிக்கும் முறையில். ஈப்போவில் இருக்கும் பேராக் டர்ஃப் கிளப்புக்கு எங்கள் ஊரிலிருந்து வார இறுதியில் பேருந்தில் போய்வந்த பெரியவர்களை எனக்குத் தெரியும். அதற்கு வெளியே கட்டுவதெல்லாம் 1953ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டப்படி குற்றம். இருந்தும் காப்பிக்கடையில் கைப்பேசியை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு வெளிநாட்டு நாய்களின் மேல் காசு கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பார்க்கும் திரையில் நிறமும் எண்ணும் மட்டும் வருகிறது. காதில் எழுத்து இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

எனக்கும் நாய்ப் பதிவேட்டுக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. முன்பு வேறொரு வட்டாரத்துத் தோட்டத்தில் வேலை பார்த்தபோது மணி என்றொரு நாய் வளர்த்தேன். ஆண்டுதோறும் உரிமம் எடுத்து, கொடுத்த தகட்டைக் கழுத்துப் பட்டையில் மாட்டியிருந்தேன். தெருநாய் பிடிக்க வந்தவர்கள் செம்பனை ஓரத்தில் நின்ற மணியையும் கொண்டுபோய்விட்டார்கள். ரசீதோடு அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்தவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, அந்த ஆண்டு உரிமம் பதிவாகவில்லை என்றார். ரசீது என் கையில் இருக்கிறதே என்றேன். ரசீது சரி, புத்தகத்தில் இல்லையே என்றார். அதற்குள் மணியின் கதை முடிந்திருந்தது. பட்டையை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள்.

இப்போது நாய்ப் பந்தயம் ஒவ்வொரு இடமாக மூடப்பட்டு வருகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2018இல் வாக்காளர்கள் முடிவு செய்து 2020 கடைசியோடு நின்றது. நியூசிலாந்து 2024 டிசம்பரிலும், வேல்ஸ் 2025 பிப்ரவரியிலும், டாஸ்மேனியா 2025 ஆகஸ்டிலும் தடையை அறிவித்தன. இதில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். கணக்கே இல்லாமல் இருந்த காலத்தில் இந்தத் தொழிலுக்கு ஆபத்து குறைவாக இருந்தது. நியூசிலாந்தில் 2013, 2017, 2021 என்று மூன்று ஆய்வுகள் நடந்தன. பதிவு சரியில்லை, எங்கே போயின என்று தெரியாத நாய்கள் இருக்கின்றன, கணக்கைச் சீர்செய்யுங்கள் என்று அவை வற்புறுத்தின. சீர்செய்தார்கள். சீரான கணக்கில் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன, அமைச்சர் வின்ஸ்டன் பீட்டர்ஸ் அவற்றைக் காட்டியே மூட வேண்டும் என்றார். பிரிட்டன் வாரியம் 2018இல் ஓடுகளத்திலேயே இறந்தவை 242 என்றும் 2024இல் 123 என்றும் வெளியிட்டிருக்கிறது. பாதியாகக் குறைத்தோம் என்பது வாரியத்தின் வாதம். இன்னும் 123 ஏன் என்பது எதிர்த்தரப்பின் வாதம். இரண்டு தரப்பும் ஒரே பேரேட்டிலிருந்துதான் பேசுகின்றன. உண்மையாக எழுதத் தொடங்கிய பிறகு புத்தகம் எழுதியவனுக்கு மட்டுமே சாதகமாக இருக்காது என்பதை அந்தத் தொழில் எதிர்பார்த்திருக்காது. இந்த வாதத்தில் நான் எந்தப் பக்கம் என்று தம்பி மகள் கேட்டாள். மூடலாம் என்றேன். மூடினாலும் ஓடிக்கொண்டிருக்கும் நாய்கள் அத்தனையும் யார் யாரிடம் போய்ச் சேர்ந்தன என்று கடைசிப் பெயர் வரை எழுதி முடித்துவிட்டு மூட வேண்டும் என்றும் சொன்னேன். மக்காவில் செய்தது போலக் கூட்டைப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது.

போன வாரம் மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். காயக் குறிப்புக்குக் கீழே, ஓய்வு பெற்றது என்று ஒரு வரி இருந்தது. அதன் பிறகு வெற்றிடம். அன்று மாலை தம்பி மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கால்நடை மருத்துவமனைத் தராசில் நின்றுகொண்டு நாய் எங்கோ பார்க்கிறது. தராசில் 34.6 என்று இருந்தது. “சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லிட்டாங்க பெரியப்பா” என்று எழுதியிருந்தாள். பழைய பழக்கத்தில் ஒரு தாளை எடுத்து, தேதியைப் போட்டு, 31.1க்கு அடுத்த வரியில் அந்த எண்ணை எழுதி வைத்தேன்.